முழுசா வந்தாச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சோம்பேறி இல்லை. வைலர் ஸ்டேஷன் என்றால் அது எங்கள் விடுதியின் முன்னறைதான். டிக்கெட் கொடுப்பது, பார்சல் எடை போடுவது, பால் கேன் ஏற்றுவது, போனில் வண்டிச் சேதி சொல்வது எல்லாம் ஏஜென்டான நான். பீர் ஊற்றுவதும் நானேதான். வண்டி வந்து நிற்கும் எட்டு நிமிஷத்துக்கு எனக்கு நாலு கை வேண்டும். ஆண்டவன் இரண்டுதான் கொடுத்தான்.

எங்கள் சின்ன ரயிலுக்குச் சிக்னல் கம்பம் கிடையாது. மலையடியில் ரோட்பாக் ஸ்டேஷனில் டிரவுட்வைன் என்று ஒரு கன்ட்ரோலர், போனும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார். ரோட்பாக்குக்கும் எங்களுக்கும் நடுவே ஏழு கிலோமீட்டர், ஒற்றைத் தண்டவாளம், ஒரு நேரத்தில் ஒரு வண்டி. அது இங்கே வந்து சேர்ந்து, கடைசிப் பெட்டியின் முதுகில் தொங்கும் சிவப்புத் தட்டை என் கண்ணால் பார்த்து, "முழுசா வந்தாச்சு" என்று நான் போனில் சொன்ன பிறகுதான் அவர் அடுத்த வண்டியை விடலாம். சட்டம் அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

ஆனால் பீருக்கு நுரை அடங்க நேரம் வேண்டுமே! ஒரு கிலோமீட்டர் கீழே, மர அறுவை மில்லுக்குப் போகும் பாதை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில், வண்டி ஒரு நீள ஊதல் ஊதும். அங்கிருந்து இங்கே வர மூன்று நிமிஷம். ஊதல் கேட்டதும் வலது கையால் குழாயைத் திறப்பேன், இடது கையால் போன் கைப்பிடியைச் சுற்றுவேன். "வண்டி பதினொண்ணு, முழுசா வந்தாச்சு." டிரவுட்வைன் குறித்துக்கொள்வார். வண்டி உள்ளே வரும்போது டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் இரண்டு கிளாஸ் தயாராக நிற்கும், எனக்குப் பார்சலைப் பார்க்கக் கை காலியாக இருக்கும். பின்னாலேயே வர வேறு வண்டி எந்த நாளும் இருந்ததில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு சங்கடம், என் வீட்டுக்காரர்.

கெப்ஹார்டு அந்த வண்டியின் கார்டு. சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற மனிதர். வண்டி நின்றதும் இறங்கி, பின்னால் போய்த் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேராக என் கல்லாவுக்கு வந்து, தொப்பியில் இரண்டு விரலை வைத்து, "வண்டி பதினொண்ணு, முழுசா வந்தாச்சு" என்பார். கட்டிய பெண்டாட்டியிடம்! தினமும்! நான் அதைப் போனில் சொல்லி முடிக்கும் வரை நகர மாட்டார். நான் என்ன செய்ய? மறுபடி கைப்பிடியைச் சுற்றுவேன். அந்தப் பக்கம் டிரவுட்வைன் சிரித்துக்கொண்டே, "வந்துட்டாரா துரை? தொப்பியத் தொட்டாச்சா?" என்பார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "ஆமா சார், முழுசா" என்பேன். ரோட்பாக்கைத் தவிர ஒரே கம்பியில் ஐந்து ஸ்டேஷன். மற்ற நாலு இடத்திலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு களுக்கென்று சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போவார். இப்படிப் பதினோரு வருஷம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் செப்டம்பரில் அடித்த புயலில் மேல்காடு முழுக்கச் சாய்ந்தது. விழுந்த மரத்தை அள்ள அக்டோபரில் தனியாக ஒரு வண்டி விட்டார்கள். அன்று வியாழக்கிழமை. காலையிலேயே டிரவுட்வைன் சொன்னார்: "சென்ஸி, இன்னைக்கு வண்டி பதினொண்ணுக்குப் பின்னாலயே டிரைவர் பாப்டிஸ்ட் காலி மரவண்டியோட வர்றான். உன் சேதி வந்ததும் விட்டுடுவேன்." சரி என்றேன். எழுதிக்கூட வைத்தேன். என் கையெழுத்தில், சுண்ணக்கட்டியால், பலகையில் எழுதியிருந்தேன்.

பத்தரைக்கு மழை. கீழே ஊதல் கேட்டது. வலது கை குழாயைத் திறந்தது, இடது கை கைப்பிடியைச் சுற்றியது. நான் யோசித்தேனா? இல்லை. பாவி, யோசிக்கவே இல்லை. "வண்டி பதினொண்ணு, முழுசா வந்தாச்சு."

"சரி," என்றார் டிரவுட்வைன்.

கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஹெட்விக் புகையைக் கக்கிக்கொண்டு வளைவைத் தாண்டி வந்தாள். எங்கள் இஞ்சினுக்கு அதுதான் பெயர். முதலாளியின் சம்சாரத்தின் பெயரை வைத்தார்களாம், அந்த அம்மாளும் இதேபோல்தான் மூச்சு வாங்குவாள். டிரைவர் நேகெலே ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு சிரித்தான். அவன் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன்.

"அண்ணி! இன்னைக்கு இவளுக்கு என்ன குஷி பாத்தீங்களா? நரிப்பள்ளம் தாண்டினதும் சும்மா பிச்சுக்கிட்டு வந்தா! மழையில இப்படி ஏறி நான் பாத்ததே இல்ல!"

நான் அவனைப் பார்க்கவில்லை, பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலக்கரி வேகன், மாவு வேகன், உப்பு வேகன். அதற்குப் பின்னால் ஆட்கள் உட்காரும் பெட்டி இருக்க வேண்டும். அதில் கணப்பு இருக்கும், பதினைந்து பேராவது இருப்பார்கள், என் வீட்டுக்காரர் இருப்பார். உப்பு வேகனுக்குப் பின்னால் மழைதான் இருந்தது. ஒரு கொக்கி மட்டும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

கையில் இருந்த கிளாஸ் இரண்டும் கீழே விழுந்தன.

"நேகெலே," என்றேன். "என் புருஷன் எங்கடா?"

அவன் திரும்பிப் பார்த்தான். சிரித்த வாய் சிரித்தபடியே நின்றுவிட்டது. "ஐயோ," என்றான். பிறகு, "ஐயோ, அண்ணி... ஏறுறப்போ கொக்கி உடைஞ்சிருக்கு... பயப்படாதீங்க, அண்ணன் கையில பிரேக் இருக்கு, நிறுத்தியிருப்பாரு. இப்பவே பின்னால போய் மாட்டிக்கிட்டு வந்துடறேன். வேற வண்டி இல்லையே..." அப்போதுதான் அவனுக்கும் ஞாபகம் வந்தது. என் முகத்தைப் பார்த்தான். "நீங்க இன்னும் போன்ல சொல்லலதானே?"

உள்ளே ஓடினேன். கைப்பிடியை எவ்வளவு வேகமாகச் சுற்றினேன் என்றால், பெட்டியே சுவரிலிருந்து பெயர்ந்துவிடும் போலிருந்தது.

"டிரவுட்வைன்! பாப்டிஸ்ட நிறுத்துங்க! பெட்டி வரல! வழியில கழண்டு நிக்குது!"

"எந்தப் பெட்டி?"

"ஆளுங்க பெட்டி! கெப்ஹார்டு இருக்கிற பெட்டி!"

ஏதோ கிழவனின் குரல்போல அவர் குரல் வந்தது. "அவன் கிளம்பி மூணு நிமிஷம் ஆச்சு. இங்கிருந்து அவனுக்குச் சொல்ல வழியே இல்லையே. சென்ஸி, நீதானே சொன்னே? முழுசா வந்தாச்சுன்னு நீதானே சொன்னே?"

கம்பியில் மற்ற நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கதவுக்குப் பின்னால் இருந்த சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நேகெலே ஊதலைப் பிடித்து விட்டு விட்டு இழுக்க ஆரம்பித்தான், அபாயம் என்று. இஞ்சினைக் கழற்றி, வேகன்களைச் சுற்றிக் கொண்டுவர அவனுக்குக் கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லை. காலி வண்டி பறந்து வரும். நான் தண்டவாளத்தின் நடுவே ஓடினேன்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, எண்பத்தைந்து கிலோ. ஸ்லீப்பர் கட்டைகள் மழையில் சோப்புப் போல வழுக்கின. மரச்செருப்பு ஒன்று எங்கோ கழன்றது, மற்றதை நானே உதறினேன். ஐயோ கடவுளே, ஐயோ கடவுளே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு ஜெபம் எதுவும் வரவில்லை. மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பெட்டி மரப்பெட்டி. பாப்டிஸ்டின் இஞ்சின் இருபது டன்.

நரிப்பள்ளம் என்பது மலையை வெட்டி வழிவிட்ட இடம், இரண்டு பக்கமும் செங்குத்தாக மண். பெட்டி அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தது. கணப்புக் குழாயிலிருந்து புகை வந்தது. உள்ளே யாரோ சீட்டு விளையாடிக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தார்கள். பெட்டியின் பின்முனையில், கீழ்ப்பக்கம் பார்த்த திறந்த பால்கனியில் என் வீட்டுக்காரர் பிரேக் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மழையில், சிலை மாதிரி நின்றார்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏன்டி இப்படித் தலைவிரி கோலமா ஓடி வர்றே? செருப்பு எங்க? நேகெலே ஊதுறது கேட்டுச்சு, பாத்துட்டான், வந்து மாட்டிக்குவான்னு சொல்லி ஜனங்கள உக்கார வச்சிருக்கேன்."

"இறங்கச் சொல்லுங்க! பாப்டிஸ்ட் வர்றான்!"

அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "போடி பைத்தியம். எப்படி வருவான்? நாம இங்க நிக்கிறோம். நீ இன்னும் சேதி சொல்லலையே."

நான் கொடியைக் கீழ்ப்பக்கம் நீட்டினேன். "வர்றான்னு சொல்றேனே! நம்புங்க!"

ஜன்னலைத் திறந்து மருத்துவச்சி ஓட்டிலியே தலையை நீட்டினாள். "என்னடி சென்ஸி, என்ன களேபரம்?"

"ஒண்ணுமில்லம்மா, உக்காருங்க," என்றார் அவர். "மழையில யாரும் நனைய வேண்டாம். என் பெண்டாட்டி தட்டைப் பாக்காம வாயத் திறக்க மாட்டா. அவ சொல்லாம ரோட்பாக்ல இருந்து ஒரு ஈ கூட வராது."

அதே நேரத்தில் கீழேயிருந்து சத்தம் வந்தது. புஸ், புஸ், புஸ் என்று. காட்டுக்குள்ளிருந்து, சீராக, வேகமாக.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பயத்தால் மாறவில்லை. நடக்கவே முடியாத ஒன்று நடப்பதைப் பார்ப்பவன் முகம் அது. ஒரு நொடிதான். அடுத்த நொடி அவர் குரல் அந்தப் பள்ளம் முழுக்க எதிரொலித்தது: "எல்லாரும் மேல்பக்கக் கதவு வழியா! குதிங்க! மூட்டையெல்லாம் விடு! மண்ணைப் பிடிச்சு மேல ஏறு!"

நான் நிற்கவில்லை. கொடியை விரித்துக்கொண்டு கீழே ஓடினேன், வளைவு தாண்டி. முன்னால் ஹெட்விக்கின் தங்கை மாதிரி ஒரு கறுப்பு இஞ்சின், மழையைக் கிழித்துக்கொண்டு. நான் தண்டவாளத்தின் நடுவில் நின்று கொடியை ஆட்டினேன், தொண்டை கிழியக் கத்தினேன். பாப்டிஸ்ட் பார்த்துவிட்டான். ஊதல் அலறியது, சக்கரங்கள் கிரீச்சிட்டன. ஆனால் தண்டவாளம் முழுக்க ஈர இலை. சக்கரம் நின்றுவிட்டது, இஞ்சின் நிற்கவில்லை. பின்னால் பத்துக் காலி வேகன்கள் அதை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. நான் பக்கவாட்டில் விழுந்தேன். அது சறுக்கிக்கொண்டே என்னைத் தாண்டி வளைவுக்குள் போயிற்று.

சேற்றில் முகம் புதைந்தபடி நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மரம் உடையும் சத்தத்துக்காக. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் ஒன்று இருந்ததில்லை.

சத்தம் வரவில்லை.

எழுந்து ஓடினேன். இஞ்சின் நின்றிருந்தது. அதற்கும் பெட்டிக்கும் நடுவே நான் பிறகு காலால் அளந்து பார்த்தேன், ஏழு அடி. ஜனங்கள் மண்சரிவில் அங்கங்கே வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மருத்துவச்சி அழுதுகொண்டிருந்தாள். பால்கனியில் என் வீட்டுக்காரர் இன்னும் நின்றார். இரண்டு கையும் பிரேக் சக்கரத்தில். அவர் இறங்கவே இல்லை. கையை எடுத்திருந்தால் பெட்டி உருண்டு இஞ்சின்மேல் போயிருக்கும் என்று எடுக்கவில்லை. இஞ்சின் தன் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது. பாப்டிஸ்ட் கீழே குதித்து, முகம் சுண்ணாம்பாக வெளுத்து, "டிரவுட்வைன் என்னை எப்படிய்யா விட்டான்? கொலைகாரன்! வழி காலின்னு சொன்னானே!" என்று கத்தினான். மண்சரிவிலிருந்து ஆளாளுக்குக் கன்ட்ரோலரைத் திட்டினார்கள். ஜெயிலில் போடணும் என்றான் ஒருவன். தூக்கிலே போடணும் என்றாள் மருத்துவச்சி. பெட்டிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் இறங்கினார். சட்டைப்பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"நான் எழுதறேன். இருபது வருஷ சர்வீஸ், ஒரு ஆள்மேலயும் நான் எழுதினதில்ல. இவன்மேல எழுதறேன். இனி இவன் ரயில் பக்கமே வரக்கூடாது. வைலர் ஏஜென்ட் சேதி சொல்லாமலே வண்டிய விட்டிருக்கான்." என்னைப் பார்த்தார். "சென்ஸி, நீ சாட்சி. எத்தனை மணிக்கு உனக்குத் தெரிஞ்சுது?"

நேகெலே அதற்குள் மூச்சு இரைக்க இரைக்க ஓடி வந்திருந்தான். பெட்டிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், சொல்லாதே என்று. சொல்லாமல் இருந்திருக்கலாம். டிரவுட்வைன் சொன்னால், இல்லை என்று நான் சாதித்திருக்கலாம். என் வார்த்தைக்கும் அவர் வார்த்தைக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் யாரை நம்பியிருப்பார்? யோசிக்கவே வேண்டாம். அதுதான் என்னைக் குத்தியது.

"எழுதாதீங்க," என்றேன். "நான் சொல்லிட்டேன்."

"என்ன சொல்லிட்டே?"

"முழுசா வந்தாச்சுன்னு. ஊதல் கேட்டதுமே சொல்லிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. "தட்டைப் பாக்காமயா? இன்னைக்கு மட்டும் ஏன்?"

"இன்னைக்கு மட்டும் இல்லங்க."

மழை இஞ்சின்மேல் விழுந்து சுர் சுர் என்று ஆவியானது.

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷமா."

அவர் பென்சிலைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். ஏதோ கணக்குச் சரியாக வராதவர்போல நெற்றியைச் சுருக்கினார். "ஆனா நான் தினமும் வந்து சொல்றேனே. நீ என் முன்னாலதானே போன்ல சொல்லுவே? நான் கேட்டுக்கிட்டு நிப்பேனே."

நான் குனிந்து என் வெறுங்காலைப் பார்த்தேன்.

அவர் நேகெலே பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாடா?"

நேகெலே தொப்பியைக் கழற்றிவிட்டான். "எல்லாருக்கும் தெரியும்ணே," என்றான். "சும்மா... ஒரு தமாஷுக்கு..."

என் வீட்டுக்காரர் கத்தவில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், ஆண்டவன் அறிய. அவர் காது மட்டும் சிவந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது ஒரு பையனுக்குச் சிவக்குமே, அப்படி. நோட்டை மூடிப் பையில் வைத்தார். "எல்லாரும் ஏறுங்க," என்றார் ஜனங்களிடம். "பாப்டிஸ்ட், மெதுவாத் தள்ளிக்கிட்டு வா."

வைலரில் பெட்டி நின்றதும் அவர் இறங்கினார். பின்னால் மரவண்டியின் கடைசி வேகன்வரை நடந்து போய்த் தட்டைத் தொட்டுப் பார்த்தார். கல்லாவுக்கு வந்தார். பழக்கத்தில் இரண்டு விரல் தொப்பியை நோக்கி எழுந்தது. பாதியில் நின்று, கீழே இறங்கியது. என்னைத் தாண்டிப் போய்க் கைப்பிடியைத் தானே சுற்றினார்.

"வண்டி பதினொண்ணு, பின்னால மரவண்டி. ரெண்டும் முழுசா வந்தாச்சு. நானே பாத்தேன்."

விசாரணையில் நான் எதையும் மறைக்கவில்லை. ஸ்டேஷன் ஏஜென்சியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், போனைக் கழற்றி மில்லுக்குக் கொண்டுபோனார்கள். டிரவுட்வைனுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். எனக்கு அபராதத்தோடு போயிற்று, யாரும் சாகவில்லை என்பதால். என்னோடு சிரித்த நாலு ஸ்டேஷன்காரர்களும் இன்று தட்டைப் பார்த்த பிறகுதான் போனைத் தொடுகிறார்களாம். நல்லது, தொடட்டும்.

என் வீட்டுக்காரர் ஒரு நாளும் அதை எடுத்துச் சொல்லிக் காட்டியதில்லை. ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், ஒரே கட்டிலில் படுக்கிறோம். சூப்பில் உப்புப் போதுமா என்றால் போதும் என்பார். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது நான் வாசலில் நின்று, "மழை விட்டுடுச்சு, குடை வேண்டாம்," என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு எழுந்து போய், ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்தார்.